ஏழு துப்பாக்கியும் ஒரு தார்ப்பாயும்

விளக்கெண்ணெயும் இரும்புத் துருவும் கரிமருந்தும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் கசப்பாக, கொஞ்சம் சூடம் அணைந்த மாதிரி, ஒருமுறை மூக்கில் ஏறினால் லேசில் இறங்காத வாசனை. செந்துறைக்குக் கிழக்கே முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டின் உள்ளறைக்குள் நுழைந்தால் முதலில் அந்த வாசனைதான் வரும். அப்புறம் கண் இருட்டுக்குப் பழகப் பழக, சுவரோரமாக மரச்சட்டத்தில் சாய்ந்து நிற்கும் ஏழு துப்பாக்கிகளும் ஒவ்வொன்றாகத் தெரியும்.

துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். எங்கள் முப்பாட்டன்மார் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். ஜமீன் வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியவர்கள். ஜமீன் நொடித்துப்போனபோது அந்தத் துப்பாக்கிகளை ஊர்க் கருப்புசாமிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவற்றைப் பாதுகாக்கிற முறை எங்கள் குடும்பத்துக்கு வந்தது. நிலம் வரவில்லை, துப்பாக்கி வந்தது. குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, பின்னால் இருக்கிற கொக்கியை இழுத்துவிட்டால் வெடிக்கும். அந்தக் கொக்கிக்கு எங்கள் வீட்டில் 'குதிரை' என்று பெயர். குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். சித்திரைத் திருவிழாவில் கருப்பு ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னால் ஏழு சத்தம் கேட்க வேண்டும். கேட்காமல் ஊரில் யாரும் வாசலைத் தாண்டமாட்டார்கள். எல்லாவற்றிலும் நீளமானதற்குப் 'பெரியவர்' என்று பெயர். மூன்று முறை இழுத்தால் ஒருமுறை வெடிக்கிற ஒன்று உண்டு, அது 'ஊமையன்'. அமாவாசைதோறும் அப்பா குளித்துவிட்டு வந்து, பழைய வேட்டித் துணியில் விளக்கெண்ணெய் தொட்டு ஏழையும் துடைப்பார். "இது இரும்பு இல்ல செல்வி. கருப்போட கை" என்பார்.

அந்தக் கையின் பக்கத்தில் அம்மா மாதத்தில் மூன்று நாள் போகக்கூடாது. 'தூரம்' ஆகிவிட்டால், வீட்டின் பக்கச் சுவரை ஒட்டிக் கீற்று வேய்ந்து கட்டியிருந்த 'சாய்ப்பு'தான் அவளுக்கு. தட்டு தனி, பாய் தனி. மற்ற வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டென்றாலும் எங்கள் வீட்டில் இறுக்கம் அதிகம். உள்ளறை நிலையில் அவள் நிழல்கூட விழக்கூடாது. இதை யாரும் அவள்மேல் திணித்ததாக எனக்கு நினைவில்லை. அவளே அப்படித்தான் நம்பினாள், நானும்தான்.

நான் ஆறாம் வகுப்பு படித்த ஐப்பசி மாதம் அது. அம்மா சாய்ப்புக்குப் போய் இரண்டாம் நாள். காலையிலேயே பள்ளிக்கூடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது, ஒரு காக்கை கத்தவில்லை. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து மொபெட்டில் துணி விற்க வருகிற பாய் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணே, ரேடியோவுல சொல்லிட்டாங்க. மத்தியானத்துக்குள்ள கரைய கடக்குதாம், நம்ம பக்கந்தான் வருதாம். நா வூடு போயி சேந்தா போதும்." சொல்லிக்கொண்டே வண்டியின் பின்னால் சுற்றியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தார். "மூட்டைய செந்துறையிலயே எறக்கிட்டேன். இத சாய்ப்புல தங்கச்சிக்கு மேல கட்டிவுடுங்க. இன்ஷா அல்லா, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்."

அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் அப்பா தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை உள்ளறைக்கு எடுத்துப் போய், துப்பாக்கிச் சட்டத்தைச் சுற்றி இரண்டு மடிப்பாகப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

சாய்ப்பிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாயி எனக்குக் குடுத்தத கருப்பு புடுங்கிக்கிட்டாரா?"

"வாய மூடு புள்ள. ஓடு ஒழுவுதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் தெரியும். அது நனைஞ்சா துரு புடிக்கும். நா நனைஞ்சா தொவட்டிக்கிடுவேன்" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

எதிர்ச்சாரியில் சித்தப்பாவுக்கு அரசாங்கத்தில் கொடுத்த தொகுப்பு வீடு முக்கால்வாசி முடிந்திருந்தது. கதவு, ஜன்னல் மாட்டவில்லை, ஆனால் மேலே காங்கிரீட் போட்டாகிவிட்டது. எங்கள் தெருவில் காங்கிரீட் என்றால் அது ஒன்றுதான். புயலுக்குப் பயந்து ஊரே ஒதுங்கிய பள்ளிக்கூடத்துக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிய சித்தப்பா, அப்பாவைப் பார்த்து நின்றார்.

"அண்ணே, துப்பாக்கிய எல்லாம் என் வூட்டுல கொண்டாந்து வையிண்ணே."

"பால் காய்ச்சலியேடா."

"ஒரு சொம்பு பால இப்ப காய்ச்சிப்புடுவோம். எம்புட்டு நேரம் ஆவப்போவுது?"

"செவ்வாக்கெழமடா. போதாததுக்குக் கரிநாளு. சாமிய கொண்டுபோயி குடிவெக்கிற நாளா இது?"

"அப்ப புயல புதங்கெழம வரச்சொல்லு" என்று சொல்லிவிட்டு சித்தப்பா ஆடுகளின் பின்னால் ஓடினார்.

அம்மாவையாவது பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார் அப்பா. "இந்த நாள்ல ஊரு சனத்தோட எப்புடிங்க ஒண்டுறது? புள்ளய வேற வுட்டுட்டா?" என்றாள். அப்படியென்றால் சித்தப்பா வீட்டில் போய் உட்காரேன் என்றேன் நான். "பால் காய்ச்சாத வூட்டுல மொதல்ல நான் கால் வெச்சா அந்த வூடு வெளங்குமாடி?" என்று என்னைத் திட்டினாள்.

பத்து மணிக்கு மேல் காற்று வந்தது. காற்று என்று சொல்வது சரியில்லை. யாரோ வானத்தைக் கிழித்துக்கொண்டே ஓடுவது மாதிரி ஒரு சத்தம். கொல்லையில் முந்திரி மரங்கள் முறிகிற சத்தம் ஒவ்வொன்றாக. முதலில் இரண்டு ஓடு பறந்தது, பிறகு வரிசையாகப் பறந்தன. உள்ளறைச் சுவரில் தண்ணீர் இறங்கியது. அப்பா சுவரில் கை வைத்துப் பார்த்தார். பிசைந்த மாவு மாதிரி விரல் உள்ளே போனது. அவர் முகம் அப்படி ஆகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கருப்பா, மன்னிச்சுக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மூடிபோட்ட தூக்குவாளியைக் கையில் எடுத்தார். "செல்வி, நா போயி கொஞ்சம் பால் வாங்கியாந்துர்றேன். காய்ச்சிட்டு எல்லாத்தயும் அங்க மாத்திருவோம். அதுவரைக்கும் நீ துப்பாக்கிய வுட்டு நவுரக்கூடாது. என்ன?"

"சரிப்பா" என்றேன்.

அந்தக் காற்றில் ஒரு மனிதர் தூக்குவாளியோடு பால் தேடி ஓடினார் என்று சொன்னால் இப்போது என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர் செவ்வாய்க்கிழமையை மீறிவிட்டார், கரிநாளை மீறிவிட்டார். பாலை மட்டும் அவரால் மீற முடியவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் சாய்ப்பு போய்விட்டது. ஒரு சத்தம்கூட இல்லாமல், யாரோ தலையிலிருந்து முண்டாசை எடுப்பதுபோலக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மாடு கட்டுகிற கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அம்மா மழையில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாம்மா!"

"சாமி இருக்குடி. நா வரமாட்டேன். நீ எரவாணத்துக்கு அடியில நிக்காத, உள்ள போ!"

ஒரு முருங்கைக் கிளை அவள் முதுகில் விழுந்து உருண்டு போனது. அவள் கல்லை விடவில்லை. நான் அழுதுகொண்டே உள்ளே போய்த் தார்ப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் சாய்ப்பு இருந்த பக்கத்துச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடியது. அம்மா அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. நிமிர்ந்தால் உள்ளறை நிலையில் நிற்கிறாள். உடம்பெல்லாம் தண்ணீர், தலை விரிந்து கிடக்கிறது.

"வெளிய வாடி! செவுரு வுழுவப்போவுது!"

"அப்பா நவுரக்கூடாதுன்னாரு."

"அடியே, உன்ன பெத்தவ சொல்றேன், வாடி!"

"துப்பாக்கிய எடுத்தாத்தான் வருவேன்."

பிடிவாதத்தால் சொல்லவில்லை, பயத்தால் சொன்னேன். நான் நகர்ந்துவிட்டால் கருப்பு அப்பாவை வழியில் ஏதாவது செய்துவிடுவார் என்று அந்த வயதில் முழுசாக நம்பினேன். அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் கயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டேன். அவள் ஒரு நிமிஷம் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். "அய்யா, எம்புள்ளைக்காவத்தான் தொடுறேன். கேக்கறதா இருந்தா என்னைய மட்டும் கேளு" என்று சொல்லிவிட்டு, பல்லால் கயிற்று முடிச்சை அவிழ்த்தாள்.

பெரியவரையும் இன்னும் இரண்டையும் அவள் தூக்கிக்கொண்டாள், ஒன்றை நான் இழுத்துக்கொண்டு போனேன். தெருவைக் கடக்க இருபதடி இருக்கும். அதைத் தவழ்ந்து கடந்தோம். சித்தப்பா வீட்டு நிலையில் அம்மாவின் கால் ஒரு நொடி தயங்கி, உள்ளே போனது. என்னை மூலையில் தள்ளிவிட்டுத் திரும்பிப் போய் இரண்டு கொண்டுவந்தாள். ஊமையன் ஒன்று பாக்கி. மறுபடி கிளம்பினாள். நான் அவள் புடவையைப் பற்றிக்கொண்டு தொங்கினேன். "வுடுடி, ஒண்ணுதான்" என்று அவள் உதறிக்கொண்டிருக்கும்போதே எதிரில் எங்கள் வீடு உட்கார்ந்துவிட்டது. தூசிகூடக் கிளம்பவில்லை. அப்படியே மண்ணாக உட்கார்ந்தது.

அப்பா வந்தார். விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர், வீடு இருந்த இடத்தைப் பார்த்து நின்றார். தூக்குவாளியைக் கீழே வைத்தார். அடுத்த நொடி மண்ணில் விழுந்து கையால் தோண்ட ஆரம்பித்துவிட்டார். "செல்வி! செல்வி!" என்று அவர் அலறுவது எங்களுக்குக் கேட்டது, நாங்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. ஓட்டையும் கழியையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போனவர் கையில் ஊமையன் கட்டை உடைந்து வந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. ஓட்டுத் துண்டுகளோடு சேர்த்துத் தலைக்குப் பின்னால் வீசிவிட்டு மேலே தோண்டினார்.

அம்மா ஓடிப்போய் அவர் முதுகைத் தொட்டாள்.

அம்மா அவரைச் சித்தப்பா வீட்டுக்குள் கூட்டிவந்த பிறகுதான் சுவரில் சாய்ந்திருந்த ஆறு துப்பாக்கிகளையும் அப்பா பார்த்தார். நகமெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவை. "யாரு..." என்று ஆரம்பித்தார்.

"நாந்தான்ப்பா. எல்லாத்தயும் நாந்தான் தூக்கியாந்தேன்" என்றேன். ஒவ்வொன்றும் என்னைவிட உயரம்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வெளியே போய்த் தூக்குவாளியை எடுத்துவந்து மூடியைத் திறந்து, நடுங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் நீட்டினார்.

"சாமிக்கு வாங்குனதுங்க" என்றாள் அம்மா.

"குடி" என்றார்.

அதன்பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. புது வீடு கட்டும்போது அப்பா சாய்ப்பு கட்டவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. அந்த நாளில் அம்மா அவர் வீட்டில் முதலில் கால் வைத்ததைச் சித்தப்பாவிடமும் யாரும் சொல்லவில்லை. பால் காய்ச்சி அவர் குடிபோன பிறகு, அவர் பிள்ளைகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அம்மாவின் முகம் வெளுத்துவிடும். அடுத்த சித்திரையில் ஆறு சத்தம்தான் கேட்டது. ஏழாவதுக்கு ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றபோது, அம்மா கோயிலுக்குள் வராமல் ரோட்டிலேயே நின்றாள். கூட்டம் அதிகம் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஓங்கித் திட்டியிருந்தால்கூட, அவள் ஏதாவது பரிகாரம் செய்து மனசை ஆற்றியிருப்பாள். அவளை நோகடிக்கக் கூடாது என்றுதான் அவர் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

கடைசி சில வருஷங்களில் லைசென்ஸ் புதுப்பிக்க அலைய அவரால் முடியவில்லை. ஆறு துப்பாக்கிகளையும் ஆபீசில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இப்போது கருப்பு புறப்படும்போது சரவெடி வைக்கிறார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. முந்திரிக் கொல்லைகளும் பாதிக்குமேல் இல்லை.

அம்மா அரியலூரில் என்னோடுதான் இருக்கிறாள். தூரமெல்லாம் நின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு சித்திரைக்கும் ஊருக்கு வருகிறாள். கோயிலுக்குள் மட்டும் வருவதில்லை. இந்த வருஷம் கையைப் பிடித்து இழுத்தேன். "கருப்போட துப்பாக்கிய நீதானம்மா காப்பாத்துன? உனக்கு என்ன பயம்?" என்றேன். "உனக்காவத்தாண்டி தொட்டேன். அவருக்காவ இல்ல. அது அவருக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

பெற்ற பிள்ளைக்காக ஒரு தாய் தொட்டதைக் கருப்பு குற்றம் என்று வைத்திருக்கமாட்டார். என் மனசு அறிய இதை நம்புகிறேன். அவளை நம்பவைக்கத்தான் என்னால் ஆகவில்லை. வெயிலில் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு அவள் ரோட்டோரம் நிற்கிறாள். நான் உள்ளே போய், எனக்கு ஒருமுறையும் அவளுக்கு ஒருமுறையும் விழுந்து கும்பிட்டுவிட்டு வருகிறேன்.