பிரியாணி டெம்போவும் மக்கர் செய்த சோக்கும்

இன்று காலை எங்கள் அண்ணனூர் அபார்ட்மென்ட் கேட்டில்...

ராத்திரி அடித்த மழைக்குத் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை முறிந்து, கேட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது.

உள்ளே கீழ்வீட்டு காதர் பாயின் டெம்போ. அதில் தம் போட்ட பிரியாணி அண்டாக்கள்!

வானகரத்தில் அவர் அக்கா மகளுக்கு நிக்காஹ். மாமா கையால் பிரியாணி வேண்டும் என்று கல்யாணப் பெண்ணே கேட்டிருக்கிறாள்.

"நைனா, தம்மு ஏறிப்போச்சு. இன்னும் நின்னுகினு இருந்தா சோறு கொழைஞ்சிடும். புள்ள மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

நல்லவேளை, அசோசியேஷனில் மரம் அறுக்கும் செயின் சா ஒன்று உண்டு. (போன புயலுக்குப் பிறகு வாங்கியது. அதன் பிறகு ஒரு கிளைகூட விழவில்லை!)

கயிற்றை இழுத்தேன். ம்ஹூம். செக்ரட்டரி இழுத்தார். பாய் பிஸ்மில்லா சொல்லி இழுத்தார். ஸ்டார்ட் ஆகவே இல்லை.

"டப்பா மெஷின் சார். அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்றார் செக்ரட்டரி.

பதறி என்ன ஆகப்போகிறது? உட்கார்ந்து பார்த்தேன். டேங்கில் பெட்ரோல் இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் காய்ந்து கிடந்தது. ஆக, பெட்ரோல் உள்ளேயே போகவில்லை.

சந்தேகம் சோக் மேல் போனது. எஞ்சின் சில்லென்று இருக்கும்போது சோக் போட்டுக் காற்றை அடைத்தால்தான் பெட்ரோல் ஏறும். லீவரைத் தள்ளினேன், பாதியிலேயே நின்றுவிட்டது.

இடுக்கில் ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. சுரண்டி முகர்ந்தேன்.

சந்தனம்!

ஆயுத பூஜைக்கு செக்ரட்டரி அப்பியது. நடுவில் குங்குமம் வேறு. காய்ந்து கல்லாகியிருந்தது.

"சார், பொட்டு வைக்க வேற எடமே கிடைக்கலையா?"

"அது ஒண்ணுதான் சார் பார்க்க நெத்தி மாதிரி இருந்துச்சு."

(கோபப்படவும் முடியவில்லை!)

ஈரத்துணியும் பழைய டூத் பிரஷுமாகத் தேய்த்தேன். லீவர் கடைசிவரை போனது. இழுத்தேன், ஒரு இருமல். சோக்கை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

டர்ர்ர்ர்ர்!

கிளை துண்டு துண்டாக ஓரம் போனது. டெம்போ கிளம்பியது.

மதியம் பாயிடமிருந்து போன்.

"உதிரி உதிரியா கீது நைனா! புள்ள ஒரு வாய் துன்னுட்டுதான் போட்டோக்கே நின்னுச்சு. நல்லா இருப்பே!"

அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அதே சந்தோஷத்தில் மெஷினைத் துடைத்து வைக்கலாம் என்று மீட்டர் ரூமுக்குப் போனேன். செக்ரட்டரி முந்திக்கொண்டிருந்தார். மெஷின் பளபளவென்று இருந்தது.

"நம்ம மானத்தைக் காப்பாத்துச்சுல்ல சார்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

லீவர் மேல் புதுச் சந்தனம். நடுவில் குங்குமம்.

காய்வதற்குள் டூத் பிரஷைத் தேடி ஓடினேன்.