அலமாரிக்குள் வந்த நிலநடுக்கம்

போன வாரம் கிளமெண்டி வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் கமிட்டி அறையில் ஒரு பெண் அழாமல் நின்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெயர் தேன்மொழி. திருச்சிக்காரி. இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. நம் காலுக்கு வெகு கீழே, கண்டத்தின் மேலோடு எத்தனை தடிமன், எங்கே பாறை மாறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. தோண்டியா பார்க்க முடியும்? எங்கோ நிலம் நடுங்கினால் அந்த அலை பாறை வழியாக இங்கே வரும். அதன் முதல் அசைவு எப்போது வந்தது என்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஈர்ப்பு விசையை அளந்து அதைச் சரிபார்க்க வேண்டும். ஈர்ப்பைத் தீவு முழுக்க நடந்து அளந்து முடித்துவிட்டாள். பாக்கி, ஒரு நல்ல அலை.

அதற்காக எங்கள் புல்தரையில் நில அசைவைப் பதியும் ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்றைப் புதைத்தாள். ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள் என்று நான்கு மொழியிலும் அட்டை வைத்தாள்... பாவம், நான்கு மொழியிலும் படிக்காதவர்கள் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் செயலாளர் முருகேசு இருக்கிறாரே — ஓய்வு பெற்ற பிறகு அதிகாரத்தை ருசி பார்த்தவர். ஒரு பெரிய மனிதர் பிளாக்கைப் பார்க்க வருகிறார் என்றதும், புல்லில் மேடு தெரியக் கூடாதென்று பெட்டியைத் தோண்டியெடுத்து, துடைத்து, கமிட்டி அறை அலமாரியில் வைத்துவிட்டார். வந்தவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பெட்டியை யார் நினைத்தார்கள்?

மாதம் முடிந்து தேன்மொழி வந்தாள். முருகேசுவுக்குக் கூச்சமே இல்லை. “பொருள் பத்திரமா இருக்கு லா. மழைல நனைஞ்சிருந்தா?”

அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அலமாரியிலும் ஓடிக்கொண்டிருந்த பெட்டி பதிந்த கோட்டில் தினமும் காலை பத்தரைக்கு ஒரு குதி. மூன்றரைக்கு ஒரு குதி. சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கி, அவள் காத்திருந்த அலை வந்ததும் ஒரு நாள் மூன்றரை மணிக்குத்தான்.

“முதல் அசைவு இதுக்குள்ள மாட்டிக்கிச்சு அங்கிள். பிரிக்க முடியாது. மூன்றரைக்கு இங்க தினம் என்ன நடக்குது?”

முருகேசு மின்விசிறியைப் பார்த்தார். அடுத்த மாதம் அவள் ஊர் திரும்ப வேண்டும். இன்னொரு நிலநடுக்கம் அனுப்புங்கள் என்று யாரிடம் மனுப் போடுவது? மனுப் போடுவதில் சூரர்களான எங்களிடம் அதற்குப் படிவம் இல்லை.

பத்தரைக்கும் மூன்றரைக்கும் இங்கே டீ. அந்த அலமாரியில்தான் பிஸ்கட் டின். கதவு இறுகிக்கொள்ளும், ஓங்கி அறைந்தால்தான் மூடும். டின்னுக்குப் பின்னால் ஆரஞ்சுப் பெட்டியை நானும் பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை.

நிலம் நடுங்கிய அன்று நான் எடுத்தது இரண்டு பிஸ்கட். கதவை அறைந்து மூடியதும் நான்தான்.