பூட்டாம விட்டுட்டுப் போங்க

வண்டி ஓட்டுததுக்குத்தான் சர்க்கார்ல லைசென்சு கேக்காங்க. நிப்பாட்டுததுக்கு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா திருநெல்வேலியில பாதிப்பேரு நடந்துதான் போவாங்க, வருவாங்க.

நான் ஜங்ஷன் ரயிலடிப் பக்கம் ஒரு டூவீலர் ஸ்டாண்டுல வேலை பாக்கேன். மாஞ்சோலையில இருபது வருசம் தேயிலை பறிச்சவ. எஸ்டேட்டை விட்டு எல்லாரும் கீழ எறங்குனப்போ நானும் மகளும் இங்கன வந்து சேந்தோம். மகளைப் பாளையங்கோட்டையில பிளஸ் ஒன் சேத்தாச்சு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சைக்கிள்கூட மிதிச்சதில்ல. ஸ்டாண்டுக்கார அண்ணாச்சி என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஒரு மாசம் பாப்போம். ஒரு வண்டி கீழ விழுந்தாலும் அன்னைக்கோட சரி, பாத்துக்க"ன்னாவ. இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி ஊரு மாத்தணும், மகளுக்குப் பள்ளிக்கூடம் மாத்தணும். ஒரு தடவை மாத்துனதே போதும் சாமின்னு தலையாட்டிட்டேன். விட்ட வண்டியில கீறலைப் பாத்து வயிறு எரிஞ்ச ஆளா நீங்க? அப்போ நீங்களும் நம்ம கூட்டந்தான், கேளுங்க.

அண்டைக் கல்லு

மலையில ஒரு பழக்கம் உண்டு. லாரியோ ஜீப்போ, நின்னா எறங்குனவன் மொதல்ல ஒரு கல்ல எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை குடுப்பான். இல்லேன்னா வண்டி பள்ளத்துலதான் கெடக்கும். முதல் நாளு நானும் அதையே செஞ்சேன். பக்கத்துல வீடு கட்டுத எடத்துல கேட்டுக் கல்லு வாங்கிட்டு வந்து, அறுபது வண்டிக்கும் அண்டை குடுத்துட்டேன். ஒண்ணும் அசையல. எனக்குப் பெருமை தாங்கல.

சாயங்காலம் ரயில் வந்துச்சு பாருங்க, ஸ்டாண்டே சந்தைக்கடையாயிட்டு. ஒருத்தரு பின்னால இழுக்காவ, வண்டி வரமாட்டேங்கு. இன்னொருத்தரு பிரேக் பிடிச்சிட்டுன்னு மெக்கானிக்குக்குப் போன் போடுதாவ. நான் குனிஞ்சு குனிஞ்சு கல்லெடுத்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. டவுன்ல ஜவுளிக்கடை வச்சிருக்க ஒரு பெரியவரு மட்டும் கோவமே படல. தன் வண்டிக் கல்லைத் தானே குனிஞ்சு எடுத்து என் கையில குடுத்துட்டுக் கேட்டாவ:

"தாயி, இந்த ஊருல மேடே கெடையாதே. எங்க உருண்டு போயிரும்னு நெனச்ச?"

நர்சம்மா

எங்கூட வேலை பாக்கது இசக்கி அண்ணன். அவரு கடாமாடு மாதிரி ஆளு, எந்த வண்டியையும் அலுங்காமத் தூக்கி சென்டர் ஸ்டாண்டுல போட்டுருவாரு. நான் போட்டா மூச்சு முட்டும், வண்டி எறங்கி என் கால்லயே நிக்கும். தேயிலைக் கூடையைத் தலையில மாட்டி மேடேறுன எனக்கு, இந்த ரெண்டு சக்கரத்துக்கிட்ட தோக்கது ஆத்திரமா வந்துச்சு.

ஒரு நாள் காலையில ஒரு நர்சம்மா, தன் அண்ணனோட பெரிய வண்டியை ஓட்டிக்கிட்டு வந்தா. ஊதுனா பறந்துருவா, அவ்வளவு ஒல்லி. இசக்கி அண்ணன் தூக்கப் போனாரு, வேண்டாம்னுட்டா. ஸ்டாண்டை மிதிச்சா, ஒரு எம்பு எம்புனா, அம்புட்டுத்தான். அந்த மலை மாதிரி வண்டி ஏறி நேரா நின்னுட்டு. எனக்கு வாய் மூடல. எப்படிம்மான்னு கேட்டேன். ரயிலுக்கு நேரமாச்சுன்னாலும் நின்னு, என் காலைப் பிடிச்சு வைக்காத குறையாச் சொல்லிக் குடுத்துட்டுப் போனா. அன்னைக்கே நான் பதினாலு வண்டியைத் தூக்கிப் போட்டேன். மகராசி நல்லா இருக்கணும்.

"அக்கா, கையால தூக்காதிய. ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரையைத் தொட்டுதான்னு பாத்துக்கிட்டு அது மேல ஏறி நில்லுங்க, வண்டி தானா ஏறிரும்."

காக்கா

வெள்ளிக்கிழமை தோறும் காயல்பட்டினத்துக்காரர் ஒருத்தரு செந்தூர் ரயிலுக்கு வருவாவ. அந்த ஊருல அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்களாம். நானும் அப்படியே கூப்பிடுவேன். அவுக வண்டி விடுததைப் பாக்கதே ஒரு அழகு. எடத்தைக் காலால மிதிச்சுப் பாப்பாவ, மண்ணு உறுதியான்னு. சைடு ஸ்டாண்டுக்கு அடியில சப்பட்டையா ஒரு ஓட்டாஞ்சில்லு வைப்பாவ. கியர்ல போட்டு, முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாப்பாவ. சாவியை எடுத்துச் சட்டைப் பையில போட்டு, பையைத் தட்டிப் பாத்துக்கிடுவாவ.

அதோட விடமாட்டாவ. பத்தடி போயிட்டுத் திரும்பி நின்னு வண்டியையே பாப்பாவ. ரயில் கூவும், அப்பவும் பாப்பாவ. எனக்குச் சிரிப்பா வரும். ஒரு நாள் பொறுக்காம, "என்ன காக்கா, கண்ணு படப் போவுது"ன்னேன். அவுக சிரிக்கல.

"நாம நிக்கும்போது எந்த வண்டியும் நிக்கும்மா. நாம போன பொறவு அது ஒத்தையில நிக்கணும்லா, அதுக்குத்தான் ஒரு பார்வ பாத்துட்டுப் போறது."

சாக்கடை ஓரத்துல ஒண்ணு

ஸ்டாண்டுல வண்டி விடுதவங்களுக்கு நாங்க சொல்லுத ஒரே மந்திரம், ஹேண்டிலைப் பூட்டாம விட்டுட்டுப் போங்க. பூட்டுன வண்டியை நகத்த முடியாது. நெருக்கி வைக்க முடியாது, ஆபத்துன்னா இழுக்கவும் முடியாது. ஆழ்வார்திருநகரி பக்கம் வேலை பாக்க ஒரு வாத்தியார் சார் மட்டும் கேக்கவே மாட்டாவ. அண்ணாச்சி எனக்குக் குடுத்த ஒரு மாசம் முடிய மூணு நாள் இருக்கப்போ, சார் கடைசி நிமிசத்துல பறந்து வந்தாவ. வரிசைக் கடைசியில, சாக்கடை ஓரத்துப் பொதுபொது மண்ணுல விட்டாவ. "சார், அங்கன வேண்டாம், பூட்டாதிய"ன்னு ரெண்டு தடவை கத்துனேன். டக்குன்னு பூட்டிட்டு ஓடியே போயிட்டாவ.

சாப்பிடப் போன இசக்கி அண்ணன் வரட்டும், ரெண்டு பேருமாத் தூக்கி மாத்துவோம்னு இருந்தேன். அதுக்குள்ள மழை பிடிச்சிட்டு. சைடு ஸ்டாண்டு பைய மண்ணுக்குள்ள எறங்குதது எனக்குத் தெரியுது. ஓடிப்போய்ப் பிடிச்சேன்; வழுக்கிட்டு. சார் வண்டி பக்கத்து வண்டி மேல, அது அடுத்தது மேல. எண்ணிப் பாத்தா பதினோரு வண்டி. மழையிலேயே உக்காந்து அழுதுட்டேன், பொய் சொல்லுவானேன். ஒரு வண்டி விழுந்தாலே போச்சுன்ன வேலை.

இசக்கி அண்ணன் வந்து பதினொண்ணையும் நிமித்திட்டாரு. கண்ணாடி ஒண்ணும் ஒடையல. என் மூஞ்சியைப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னாரு:

"தொடச்சு வச்சிருவோம் தாயி. எவனுக்குத் தெரியப் போவுது? பிள்ளைய நெனச்சுக்க."

வாசல்ல

நெனச்சேன். அரைமணி நேரம் வாயை மூடிக்கிட்டுத் தொடைக்கவும் செஞ்சேன். ஒரு வண்டியில முன்பிரேக் பிடி வளைஞ்சு இருந்துச்சு. லேசாத்தான். ஆனா வண்ணார்பேட்டை நெரிசல்ல பஸ்ஸுக்குப் பின்னால போகையில அது ஒடிஞ்சா? அய்யய்யோ, நம்மால ஆகாது சாமி. சாயங்கால ரயிலுக்கு வாசல்ல போய் நின்னுட்டேன். அண்ணாச்சியும் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாவ. ஒவ்வொருத்தரா, "உங்க வண்டி விழுந்துட்டு, ஓட்டுததுக்கு முன்னால பிரேக்கைப் பாத்துக்கிடுங்க"ன்னேன். அண்ணாச்சி காதுலயும் விழத்தான் செய்யும், விழட்டும். ரெண்டு பேரு வாய்க்கு வந்தபடி ஏசுனாங்க. ஒருத்தரு பேசாம மெக்கானிக்கைத் தேடிப் போனாவ.

ஆறாவதா வந்தது வாத்தியார் சார். நடந்ததைச் சொன்னேன். மனுசன் இன்னைக்கு நம்மளைத்தான் ஏசப்போறாவன்னு நின்னா, பையைக் கீழ வச்சிட்டு எம் பக்கத்துலயே நின்னுக்கிட்டாவ. மழை தூறுது, குடை இல்ல. மிச்சம் அஞ்சு பேரும் வந்து போற வரைக்கும் நகரல. ஒவ்வொருத்தர்ட்டயும் அவுகளே முந்திக்கிட்டு, அண்ணாச்சிக்கும் கேக்க மாதிரிச் சொன்னாவ:

"இவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. பூட்டாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னாங்க, பூட்டிட்டுப் போனவன் நான்தான்."

மறுநாள்

அண்ணாச்சி அன்னைக்கு வேலை இருக்கா போச்சான்னு சொல்லாமலே வீட்டுக்குக் கெளம்பிட்டாவ. அதுதான் பயம். மகள்ட்ட ஒண்ணும் சொல்லாம, ராத்திரி பூரா புரண்டு படுத்துட்டுக் காலையில ஸ்டாண்டுக்குப் போனேன், போன்னு சொன்னா கேட்டுட்டு வருவோம்னு.

அண்ணாச்சி வந்தாவ. எப்பவும் வண்டியை வாசல்ல குறுக்க விட்டுட்டு உள்ள போயிருவாவ. முதலாளி வண்டியை யாரு கேக்க? அன்னைக்கு எஞ்சினை நிறுத்தி, வண்டியை உருட்டிக்கிட்டு நேரா எங்கிட்ட வந்து நின்னாவ. இசக்கி அண்ணன் கையில இருந்த டோக்கன் கட்டைக் கீழ போட்டுட்டாரு.

"எங்கன விடணும்னு சொல்லு தாயி. பூட்டல."

ஆக மக்கா, ஒரு மனுசன் எப்படிப்பட்ட ஆளுன்னு அவன் வண்டி விடுத அழகுலயே சொல்லிருவேன், நான் தப்பாச் சொல்லியிருந்தா சாயங்கால ரயிலுக்கு அவனே வந்து திருத்திட்டுப் போவான்.