மாரியாயியின் வேனும் என் கிளட்ச் விசாரணையும்

கிளட்ச் கெட்டால் முதலில் தேய்வது தட்டு அல்ல, ஓட்டுபவரின் மானம். நடுச்சாலையில் இரண்டாம் கியர் விழாமல், பின்னால் அடிக்கும் ஹாரனைக் கேட்டு வியர்த்திருப்பீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில் எண்பதுகளின் தொடக்கம். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காக என்னை ரப்பர் தோட்டத்திலிருந்து துரத்தியிருந்தார்கள். என்னைத் தோளில் தூக்கிய சங்கத் தலைவர்கள் நிர்வாகத்தோடு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அரசியலைத் துண்டுப் பிரசுரங்களிலும் கியர் பெட்டியைக் கையேட்டிலும் படித்தவன் நான். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை போட்டேன். செமோர் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் எட்டுக் குடும்பங்கள் என் யோசனைப்படி ஒரு பழைய வேனை வாங்கின. ஈப்போ தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை அதில் ஏற்றிப் போனவர் மாரியாயி. முன்பு பால்மரம் வெட்டியவர்.

கியர் கத்திய கதை

வேன் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று கத்தியது. வேன் கமிட்டித் தலைவர் முனியாண்டி, முன்பு தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய மண்டோர், பட்டறைக்கே வந்துவிட்டார். நான் வண்டியைப் பார்க்கவே இல்லை, அவர் நோயைச் சொல்லிவிட்டார்.

"பொம்பள காலு லா மச்சான், கிளட்ச்ச முழுசா மிதிக்கத் தெரியல. ஞாயித்துக்கிழம கூட்டத்துல என் மருமவன அந்த சீட்டுல உக்கார வச்சிருவோம்."

மேடு ஏறாத கதை

இரண்டு நாள் கழித்து மாரியாயியே வேனைக் கொண்டுவந்தார். கத்தல் நின்றிருந்தது. ஆனால் மேட்டில் இஞ்சின் அலறியதே தவிர வண்டி நகரவில்லை. பெண்கள் இரண்டு முறை தாமதமாகிவிட்டார்கள். மூன்றாவது முறை தாமதமானால் வேலை போய்விடும். கருகிய வாசனை எனக்குத் தூரத்திலேயே வந்தது.

கைபிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். பிடிப்பு இருந்தால் இஞ்சின் நின்றிருக்கும். இது பாட்டுக்கு ஓடியது. தட்டு வழுக்குகிறது. மேடைதோறும் பெண் விடுதலை பேசிய நான் உடனே கேட்டேன்: "ஓட்டும்போது கால கிளட்ச் மேலயே வச்சிருக்கியா, மாரி?"

"பதினெட்டு வருசம் பால் வெட்டின காலுண்ணே இது. வேல நேரத்துல எது மேலயும் சாஞ்சு நிக்கப் பழகல."

பெடலுக்கு அடியில்

வெட்கத்தோடு குனிந்தேன். பெடலில் இருக்க வேண்டிய சிறு தளர்வு துளிகூட இல்லை. பெடலிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் கேபிளை யாரோ கடைசிவரை முறுக்கியிருந்தார்கள். கத்தலை நிறுத்த முனியாண்டி செய்த வைத்தியம் என்றார் மாரியாயி. கேபிள் இறுகியதால் அரை மிதியிலேயே கிளட்ச் விட்டது, கத்தல் நின்றது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு தட்டு முழுதாகப் பிடிக்கவே இல்லை. வழுக்கிக் கருகிவிட்டது.

சரி, முதலில் ஏன் கத்தியது? பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். தரைக்கு இரண்டு விரல் மேலேயே நின்றுவிட்டது. அடியில், இரண்டாக மடித்த ரப்பர் ஷீட். பெடல் முழுதும் இறங்காததால் கிளட்ச் முழுதும் விடவில்லை. அதனால்தான் கியர் கத்தியிருக்கிறது. வேன் வந்த அன்று எல்லோர் முன்னிலையிலும் அந்த ஷீட்டை விரித்தவன் நான். நாம் வெட்டிய பால் இனி நம் காலடிக்கு என்று முக்கால் மணி நேரம் பேசியும் இருந்தேன்.

"தடுக்குதுன்னு தெரியும்ணே. நீங்க பேசி வச்சது, எடுத்தா கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை

ஷீட்டை எடுத்து, புதுத் தட்டுப் போட்டு, கேபிளைத் தளர்த்தினேன். சனிக்கிழமை மாரியாயி அதே மேட்டை மூன்றாம் கியரில் ஏறினார். மறுநாள் கோயில் முன்னால் கூட்டம். முனியாண்டி மருமகனை முன்வரிசையில் உட்கார வைத்துப் பேசத் தொடங்கினார். நான் எழுந்து, கத்தியதற்குக் காரணம் என் ஷீட், கருகியதற்குக் காரணம் அவர் முறுக்கிய கேபிள், மாரியாயி கால்மேல் குற்றமில்லை என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது. முனியாண்டி மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தான். பின்வரிசையிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் லெட்சுமி கேட்டாள்:

"அப்ப நாளைக்கு அஞ்சரைக்கு மாரியக்காதான வேன் எடுத்துக்கிட்டு வருவாங்க? அத மட்டும் சொல்லுங்க லா, நாங்க போய்ச் சோறாக்கணும்."

இருபது வருடம் முதலாளிகளின் தவறுகளை நின்றபடியே பட்டியல் போட்ட எனக்கு, என் தவறு ஒன்றைப் பார்க்க மட்டும் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட வேண்டியிருந்தது.