அருள் என்று நினைத்தோம்

சித்தப்பாவின் கையிலிருந்து நழுவிய தேங்காய் உடையவில்லை. சாலையில் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. தைப்பூசத்துக்கு முதல் நாள், எங்கள் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ரதம் வரும் வழியெங்கும் குவித்து வைத்திருக்கும் தேங்காய்களில் அதுவும் ஒன்று. எத்தனையோ சிதறிக் கிடந்த அந்தக் காலையில், உடையாத அது மட்டும்தான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சித்தப்பா இளவயதிலிருந்தே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தவர். ரத்த அழுத்தம் என்று டாக்டர் தடுத்த பிறகு காவடியை விட்டார். மாத்திரையையும் பாதி நாள் விட்டார். ஆனாலும் உறுமி மேளம் கேட்டால் போதும், நின்ற இடத்திலேயே அருள் வந்துவிடும். உடம்பு ஆடும், நாக்கு குழறும். சித்தி திருநீறு பூசுவார், அடங்கும். பிறகு அசந்து தூங்குவார். எங்களுக்குப் பழகிப்போன காட்சி. அந்தப் பழக்கம்தான் வினையாயிற்று.

அன்றும் மேளம் நெருங்கியது. தேங்காய் நழுவியது. அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது; வலது கால் மடங்கியது. ஏதோ சொன்னார், ஒன்றும் பிடிபடவில்லை. "முருகன் வந்துட்டான் லா, கொஞ்சம் நகருங்க," என்றார் சித்தி. நெற்றி நிறையத் திருநீறு பூசினார். நாங்கள் கைகூப்பினோம். முன்பின் தெரியாத ஓர் அக்கா, "சாமி, என் மகளுக்கு எப்ப நல்லது நடக்கும்?" என்று குறிகூடக் கேட்டார். சித்தப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அருள் வந்தவர் கண்ணில் பயம் இருந்து நான் பார்த்ததில்லை. அன்று இருந்தது.

ஒரு கடை வாசலில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். தூங்கினார். ரதம் வந்து போவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. எங்களைப் போலவே நேர்த்திக்குத் தேங்காய் உடைக்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் அவரை எழுப்பி, இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை மேலே போனது. வலது கை பாயிலேயே கிடந்தது. "இது சாமி இல்ல லா, ஸ்ட்ரோக். என் வீட்டுக்காரர் இப்படித்தான் விழுந்தார்," என்றார், உடைந்த தமிழில். தேங்காய்ச் சிதறலும் கூட்டமும் அடைத்த தெருவில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். மேளம் வந்தபோது என்றார் சித்தி. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

பேச்சு திரும்பவில்லை, வலது கையும் திரும்பவில்லை. "முருகன் வந்த வேகத்த உடம்பு தாங்கல," என்றே சித்தி இன்றும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டால், திருநீறு பூசிய கையை வைத்துக்கொண்டு அவர் எப்படி வாழ்வார்?

இந்த ஆண்டும் சக்கர நாற்காலியில் அவரை அதே இடத்துக்கு அழைத்து வந்தோம். சித்தி அவர் இடது கையில் தேங்காயைக் கொடுத்தார். மேளம் நெருங்கியது. வழியில் போன ஒரு பெண், அவருடைய கோணிய வாயைப் பார்த்துவிட்டு நின்று கைகூப்பினாள். நான் குனிந்து, "சித்தப்பா, கையைத் தூக்குங்க," என்றேன். மேளம் கேட்டாலே இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறேன். என்னைப் பார்த்தபடியே இடது கையைத் தூக்கினார். தேங்காய் மடியில் விழுந்து, சாலைக்கு உருண்டது. இதுவும் உடையவில்லை.