வண்டியைத் திருப்பச் சொன்னவன்

“பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க” என்று நான் சொன்னால், டாக்டரம்மா கைவிட்டுவிட்டாள் என்றே எங்கள் பக்கத்து ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். உடனே வண்டி ஊருக்குத் திரும்பிவிடும். வெளியில் செத்த உடம்பை ஊருக்குள் விடக் கூடாதாம்; அதனால் மூச்சு இருக்கும்போதே வீட்டில் கிடத்திவிட வேண்டுமாம். பிழைக்க வேண்டிய பெண்களை இப்படித்தான் கொன்றார்கள்.

உலகப் போர் நடந்தபோது சென்னையில் டாக்டருக்குப் படித்தவள் நான். குண்டு விழப்போகிறது என்று ஊரே காலியானபோது, பிள்ளை பெற்று ஒரு நாள்கூட ஆகாதவளை மூட்டையோடு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களையாவது மன்னிக்கலாம். எண்பதுகளில், நான் கிளினிக் வைத்திருந்த திண்டிவனத்தில் யார் குண்டு போட்டார்கள்?

ஒரு மதியம், என் கிளினிக்கில் பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் ரத்தம் ஏற்ற முடியும். இந்த முறை நானும் வாடகைக் காரில் ஏறிவிட்டேன். நான் படித்தபோது போரில் மருந்தெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், கையாலேயே கருப்பையை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பின் சீட்டுக்குக் கீழே முட்டி போட்டு அப்படியே அழுத்திக்கொண்டு போனேன்.

விக்கிரவாண்டிக்கு முன்னால், அவர்கள் ஊருக்குச் சாலை பிரியும் இடத்தில், முன் சீட்டில் இருந்த அவள் புருஷன் டிரைவரின் தோளைத் தொட்டான்.

“திருப்புப்பா. டாக்டரம்மா, உசுரு இருக்கசொல்லவே இட்டுக்கினு போயிடறோம். பொணத்த ஊருக்குள்ள வுட மாட்டாங்க.”

“யாருடா பொணம்? நான் கையை எடுத்தா செத்துடுவா. எடுக்கட்டுமா? நீயே சொல்லு.”

அவன் டிரைவரின் தோளிலிருந்து கையை எடுத்தான். டிரைவர் நேரே ஓட்டினார்.

அவள் பிழைத்தாள். வீட்டுக்குப் போகும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். புருஷன் கார் கூப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணத்தான் தொறக்க முடியல டாக்டரம்மா. அது வண்டியத் திருப்பச் சொன்னது காதுல வுழுந்துது.”

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனுடனேயே ஏறிப் போனாள். வேறு எங்கே போவாள்?