இரண்டு எக்ஸ்றே புத்தகங்களும் ஒரு நிழலும்

கொழும்பில் டொக்டருக்குப் படித்து முடித்து மட்டக்களப்புக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை. இரண்டாம் உலக யுத்த காலம். வாவிக்கரையில் அப்போதிருந்த எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்குப் பழைய எக்ஸ்றே யந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. பெரிய டொக்டர் அப்படியொன்றைக் கண்ணால் காணாமல் படித்து வந்தவர். "படம் பார்த்துச் சொல்லுறது உம்மட வேலை" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

அவரே ஒருநாள் இரண்டு தடித்த புத்தகங்களை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் எக்ஸ்றே பற்றியவை. கொழும்புப் புத்தகக் கடை பார்வைக்கு அனுப்பியிருந்தது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் அது உதவ வேண்டும், வெளியே வைத்தியம் பார்க்கும் டொக்டர்மாருக்கும் உதவ வேண்டும். "வாசிச்சுப் பார்த்து எது நல்லமெண்டு எழுதித் தாரும்" என்றார்.

ஒன்று மற்றதைவிடப் பெரியது, தூக்கினால் கை வலிக்கும். வழவழப்பான தாளில் பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு வியாதி. சந்தேகம் என்ற பேச்சே கிடையாது. எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. சின்னதில் பாதிக்கு மேல், நோயாளியை எப்படி நிறுத்துவது, எதைக் கழற்றச் சொல்வது, எதெது கண்ணை ஏமாற்றும் என்ற புலம்பல்தான். இது டொக்டருக்கு எழுதியதா, வாசலில் நோயாளிகளுக்கு நம்பர்த் துண்டு கொடுக்கிறவனுக்கு எழுதியதா என்று சிரித்தேன். பெரியதைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன்.

அந்தக் கிழமைதான் களுதாவளைக் கிராமத்திலிருந்து ஒருத்தி வந்தாள். இருபது வயதிருக்கும். இடுப்பில் ஏழு மாத ஆண் குழந்தை. காய்ச்சலோடு வந்த இருமல் மூன்று கிழமையாகியும் நிற்கவில்லை என்றாள். படம் எடுத்தேன். வலது நுரையீரலின் உச்சியில் புகை படிந்தது போல ஒரு நிழல். பெரிய புத்தகத்தைத் திறந்தால் அதே இடம், அதே புகை, கீழே கசநோய் என்று போட்டிருந்தது. சளியை இரண்டு தரம் சோதித்தும் கிருமி இல்லையே என்று பெரிய டொக்டர் தயங்கினார். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நான் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் கையெழுத்து வைத்தார்.

தாயையும் பிள்ளையையும் அன்றைக்கே பிரித்தோம். பால் கொடுக்கக் கூடாது என்று சொன்னவன் நான்தான். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, வராந்தாக் கோடியில் இருந்த தனி அறையில் அவளை வைத்தோம். கசநோய் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததும் அனுப்புவதாக ஏற்பாடு. கத்திக் கதறிய குழந்தையைப் புருஷன் தூக்கிக்கொண்டு போனான். "எத்தின நாளைக்கு ஐயா?" என்று மட்டும் அவள் கேட்டாள். மாதக்கணக்காகும் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுச் சின்னப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். ஏன் வேண்டாம் என்று நாலு வரி எழுத வேண்டும். திட்டுவதற்கென்றாலும் வாசிக்க வேண்டுமே. கண்ணை ஏமாற்றும் பொருள்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. சட்டைப் பித்தான், கழுத்துச் சங்கிலி, வெள்ளைக்காரிகள் இடுப்பை இறுக்கும் கச்சையின் கம்பி. கச்சைக் கம்பிக்குக் களுதாவளையில் எங்கே போவது என்று நக்கலாகச் சிரித்துக்கொண்டேன். பட்டியலின் அடியில், அவரவர் ஊரில் நோயாளிகள் என்ன அணிந்து வருகிறார்கள் என்பதை அந்த ஊர் வைத்தியர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதோடு என் சிரிப்பு நின்றது.

அவளுடைய நகைகளைக் கழற்றித்தான் படம் எடுத்தேன். கொண்டை ஊசியைக்கூடத் தாதியிடம் சொல்லி எடுப்பித்திருந்தேன். அவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று பெருமை வேறு. ஊசியை எடுத்தால் கொண்டை நிற்குமா? இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி, தேங்காயெண்ணெய் ஊறிய கனத்த முடி. அவிழ்ந்து விழுந்ததை அவள் முறுக்கி வலது தோளில் போட்டுக்கொண்டு நின்றது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையில் யந்திரத்தை ஓட்டுவதில்லை. ஆளனுப்பி ஓட்ட வைத்தேன். தாதி அவளுடைய முடியை உச்சந்தலையில் தூக்கித் துணியால் கட்டினாள். ஈரம் காயாத படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நிழலைக் காணவில்லை. இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு பெரிய டொக்டரிடம் ஓடினேன்.

பெரிய டொக்டர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நானும்தானே கையெழுத்து வச்ச" என்றார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எழுதி வைத்த இரண்டு பக்கங்களையும் கிழித்துப் போட்டேன். சின்னப் புத்தகத்தையே வைத்துக்கொள்வோம், அதை முதலில் படிக்க வேண்டியவன் நான் என்று எழுதிக் கொடுத்தேன்.

சொல்லியனுப்பியதும் அடுத்த நாள் காலையில் புருஷன் குழந்தையோடு வந்து சேர்ந்தான்.

"அப்ப அவவுக்குக் கசம் இல்லையா ஐயா?"

"இல்ல. இருமல் வெறும் சளிதான். படத்தில விழுந்தது அவட முடிட நிழல்."

"அது ஒங்கட புத்தகத்தில இல்லையா?"

அவன் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "யோசிச்சுப் பாரெண்டு எழுதி இருந்தது. நான்தான் யோசிக்கல்ல" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் குழந்தையை உள்ளே கொடுத்தான்.

பத்து நாளாகப் பசுப்பால் குடித்த பிள்ளை. அறை வாசல் திரைக்குப் பின்னால் அது தாயை உதைத்துத் தள்ளி வீறிட்டது. அவள் கெஞ்சுவதும் கேட்டது. நெடுநேரம் அப்படியே போயிற்று. பிறகு சத்தம் அடங்கியது. இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பை நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று தொடங்கினேன்.

"தங்கச்சி, பிழை முழுக்க என்னிலதான். நான் ஒண்டு சொல்ல வேணும்..."

"சத்தம் போடாதீங்க ஐயா" என்றாள் அவள், மெல்லிய குரலில். "பால் இல்லாட்டியும் இப்பதான் வாயை வச்சிரிக்கான். மறுகாவும் மூஞ்சைத் திருப்பிருவான்."